பழைய கிராபிக்ஸ் கார்டா, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸா? மலையகத்திலிருந்து வாங்கப் போகிறவருக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டனில் விடியற்காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி வீடு திரும்பினால் ஒரு நாள் முழுதாகப் போய்விடும். கொண்டுவந்த கார்டு கேசிங்குக்குள் நுழையவில்லை என்றால் இன்னொரு நாள், இன்னொரு பஸ் காசு, ஒரு நாள் சம்பளம். அந்த இரண்டாவது பயணம் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏழெட்டு வருடப் பழைய தனிக் கார்டு ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்குவதா, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் புதிய ப்ராசஸருக்கு மாறுவதா என்பதுதான் பலருடைய குழப்பம். "தனிக் கார்டு என்றால் எப்பவும் மேல்தான் தம்பி" என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. என்விடியா கம்பனியின் ஜிடி 710, ஜிடி 730 எல்லாமும் தனிக் கார்டுதான். 2021இல் வந்த, ஏஎம்டி கம்பனியின் ரைசன் 5 5600ஜி ப்ராசஸருக்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸ் அவற்றைச் சுலபமாகத் தாண்டிப் போகும்.

1. வீட்டில் இருப்பதை முதலில் எழுதுங்கள்

பத்து நிமிட வேலை. கேசிங்கைத் திறந்து போனில் நான்கு படம் எடுங்கள்: பவர் சப்ளையின் ஸ்டிக்கர், மதர்போர்ட் முழுதாக, ரேம் ஸ்லாட்டுகள், மொனிட்டரின் பின்பக்கப் போர்ட்டுகள். ப்ராசஸரின் பெயரை எழுதும்போது கடைசி எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் "எஃப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600க்கு இல்லை, 5600ஜிக்கு உண்டு. ரைசன் 7600இல் இருக்கிறது, ஆனால் அது ஸ்கிரீனில் படம் காட்டுவதற்கு மட்டும் போதுமான சின்ன கிராபிக்ஸ். கேம் விளையாட அதை நம்ப வேண்டாம்.

உங்களிடம் இருப்பது அலுவலகங்களிலிருந்து கழித்து விடப்பட்ட மெல்லிய பிராண்ட் கம்பியூட்டர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதற்குள் பாதி உயரக் கார்டுதான் நுழையும். பவர் சப்ளை 240 வாட் அளவில்தான் இருக்கும், கார்டுக்கான தனி 6 பின் வயரும் வராது. சில மொடல்களில் மதர்போர்டுக்குப் போகும் பிளக்கே வேறு வகை. அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளையை மாற்றவும் முடியாது. இந்தப் பெட்டிக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570 கார்டை வாங்கி வந்து, பிறகு கேசிங், பவர் சப்ளை, மதர்போர்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

2. ஜிபியைப் பார்த்து ஏமாறாதீர்கள், மெமரி வேகத்தைப் பாருங்கள்

"4 ஜிபி கார்டு" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். பானை பெரிதாக இருந்து என்ன, பீலியில் தண்ணீர் நூலாக வந்தால்? மெமரி எவ்வளவு வேகமாகத் தரவை ஊற்றுகிறது என்பதுதான் முக்கியம். தனிக் கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு. உள் கிராபிக்ஸ் உங்கள் ரேமையே ப்ராசஸரோடு பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரு செக்கனுக்குக் கிடைக்கும் வேகம் இப்படி:

ஜிடி 1030, டிடிஆர்4 வகை: 16.8 ஜிபி
டிடிஆர்4-3200 ரேம், ஒரு ஸ்டிக்: 25.6 ஜிபி
ஜிடி 1030, ஜிடிடிஆர்5 வகை: 48 ஜிபி
டிடிஆர்4-3200 ரேம், இரண்டு ஸ்டிக்: 51.2 ஜிபி
ஜிடிஎக்ஸ் 750 டிஐ: 86.4 ஜிபி
டிடிஆர்5-6000 ரேம், இரண்டு ஸ்டிக்: 96 ஜிபி
ஜிடிஎக்ஸ் 1050 டிஐ: 112 ஜிபி
ஆர்எக்ஸ் 570: 224 ஜிபி

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஜிடி 1030 ஒரே பெயரில் இரண்டு வகையாக வந்தது. டிடிஆர்4 வகைக்கு மற்றதன் மூன்றில் ஒரு பங்கு வேகம்தான், பெட்டியின் முகப்பைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அடுத்தது, 5600ஜி வாங்கிவிட்டு 16 ஜிபி ரேமை ஒரே ஸ்டிக்காகப் போடுவது. "பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்" என்று கடையில் சொல்வார்கள். அந்தப் "பிறகு" வரும் வரை கிராபிக்ஸுக்குப் பாதி வேகம்தான் கிடைக்கும். 8 ஜிபி இரண்டாகவே கேளுங்கள். இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ உள்ள லேப்டாப்பிலும் இதே கதைதான். ஒரு ஸ்டிக் மட்டும் இருந்தால் விண்டோஸ் அதை ஐரிஸ் என்றே காட்டாது, வெறும் யூஎச்டி என்று காட்டும்.

மெமரி வேகம் மட்டுமே முடிவு சொல்லிவிடாது. சிப் புதியது என்றால் குறைந்த வேகத்திலும் கூடுதல் வேலை வாங்கும். நடைமுறையில், 5600ஜியை 750 டிஐயின் வரிசையில் வையுங்கள். 2024இல் வந்த ரைசன் 5 8600ஜி, நல்ல டிடிஆர்5 ரேமோடு 1050 டிஐக்குப் பக்கத்தில் வரும். ஆர்எக்ஸ் 570 இவை எல்லாவற்றுக்கும் மேலே, 8700ஜிக்கும் மேலே.

என் கணக்கில் கோடு 1050 டிஐயில் விழுகிறது. அதற்குக் கீழே உள்ள பழைய கார்டு எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். சும்மா கிடைத்தால், அல்லது இருக்கிற கம்பியூட்டரில் ஸ்கிரீன் வராமல் நின்றுபோயிருந்தால் மட்டும் போடலாம்.

3. எந்த வேலைக்கு?

டைப்பிங், போட்டோகொப்பி, ஆன்லைன் விண்ணப்பம் என்று கம்யூனிகேஷன் கடை வைத்திருப்பவருக்குக் கார்டே தேவையில்லை. ஃபோட்டோஷொப்பில் ஆல்பம் அடிப்பவருக்குக் கார்டை விட ரேமும் எஸ்எஸ்டியும்தான் முதலில்.

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள்தான் நின்று யோசிக்க வேண்டும். இங்கே கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் முறை, என்ற விஷயம் வருகிறது. 1050 டிஐ எச்.264, எச்இவிசி இரண்டையும் நன்றாகக் கையாளும். 750 டிஐ எச்இவிசியில் தடுமாறும். இப்போதைய போன்களும் கேமராக்களும் பெரும்பாலும் எச்இவிசியில்தான் பதிவு செய்கின்றன, அதனால் டைம்லைன் விக்கும். ஏவி1 என்ற புதிய வகையை 1050 டிஐ, ஆர்எக்ஸ் 570, 5600ஜி மூன்றுமே தங்கள் சொந்த வன்பொருளில் பிரிக்க முடியாது. 8600ஜியும், இன்டெல் யூஎச்டி 730, 770 உம் பிரிக்கும். யூடியூபில் உயர்தர வீடியோ ஓடும்போது ப்ராசஸர் ஏன் மூச்சு வாங்குகிறது என்று பார்த்தால் காரணம் பல நேரம் இதுதான். இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் வரும் குவிக் சிங்க் என்ற வசதி வீடியோ வெட்டுவதற்கு நல்லது. கேம் விளையாடாத எடிட்டருக்கு, பழைய கார்டு போட்ட பழைய ஐ5ஐ விட யூஎச்டி 770 உள்ள 12ஆம் தலைமுறை ஐ5 வசதி.

கேம் என்றால் வலோரன்ட், ஜிடிஏ 5 போன்றவை 5600ஜியில் செட்டிங்கைக் குறைத்து வைத்தால் விளையாடும் அளவுக்கு ஓடும். புதிய பெரிய கேம்கள் வேண்டும் என்றால் ஆர்எக்ஸ் 570 அல்லது அதற்கு மேல். அதற்கு முன் 5ஆம் படியைப் படியுங்கள்.

4. டிரைவர் இன்னும் எத்தனை நாள்?

என்விடியா, 750 டிஐ முதல் 1080 டிஐ வரையான தலைமுறைகளுக்குக் கேம் டிரைவர் தருவதை 2025 ஒக்டோபரோடு நிறுத்தியது. 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். ஏஎம்டி, ஆர்எக்ஸ் 570 வரிசையை 2023இல் தனிப் பராமரிப்புப் பிரிவுக்குத் தள்ளிவிட்டது. 5600ஜியின் வேகாவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. "புதிய ப்ராசஸர், அதனால் புதிய டிரைவர்" என்று நினைப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். 8600ஜி முழு ஆதரவில் இருக்கிறது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்து, ரைசனில் 2000 வரிசையிலிருந்து வேண்டும். உங்களுடையது 4ஆம் தலைமுறை ஐ5 என்றால், கார்டுக்குப் போடும் காசு முடிந்துபோன வண்டிக்குப் புது டயர் போடுவது மாதிரி. ப்ராசஸர், மதர்போர்ட் பக்கம் காசைத் திருப்புங்கள்.

5. பவர் சப்ளை, கரண்ட் பில், யூபிஎஸ்

மலையகத்தில் பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

750 டிஐ 60 வாட், 1050 டிஐ 75 வாட். இரண்டும் பெரும்பாலும் தனி வயர் இல்லாமல் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும். ஜிடிஎக்ஸ் 960க்கு 120 வாட், ஆர்எக்ஸ் 570க்கு 150, ஆர்எக்ஸ் 580க்கு 185. கேசிங்கோடு சும்மா வந்த "500 வாட்" பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 16 அம்பியர் என்றிருந்தால் 12 × 16 = 192 வாட்தான் உண்மையில் கிடைக்கும். ஆர்எக்ஸ் 570 மட்டுமே 12.5 அம்பியர் இழுக்கும், மிச்சத்தில் ப்ராசஸர் எப்படி ஓடும்? மோலெக்ஸ் பிளக்கிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் மலிவு வயரைப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். பிளக் உருகிக் கறுக்கும், மற்ற பாகங்களையும் சேர்த்துக்கொண்டு போகும்.

பில் கணக்கை யூனிட்டில் போடுங்கள். ஆர்எக்ஸ் 570 போட்ட கம்பியூட்டர் கேம் ஓடும்போது சுமார் 250 வாட் எடுக்கும், 5600ஜி மட்டும் உள்ளது சுமார் 100 வாட். வித்தியாசம் 150 வாட். தினம் 4 மணி நேரம், 30 நாள் என்றால் 18 யூனிட். 1050 டிஐ என்றால் வித்தியாசம் மாதம் 5 யூனிட் அளவில் நிற்கும். 18 சின்ன எண்தான். ஆனால் வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கணக்கு மாறுகிறது. இப்போது 50 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு இந்த 18 யூனிட் பெரிய அடி. கடந்த மூன்று மாத பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

650 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் தாங்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-அவர் பேட்டரி, அதாவது 84 வாட்-அவர், அதில் பாதிதான் உண்மையில் கைக்கு வரும். கரண்ட் போனால் 250 வாட் கம்பியூட்டர் சில நிமிடத்தில் நின்றுவிடும். 100 வாட் என்றால் சேவ் செய்து ஒழுங்காக மூட நேரம் இருக்கும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி வரும் நாட்களில் கரண்ட் பிளக்கோடு ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு லேன் வழியாக மதர்போர்டைப் பறிகொடுப்பவர்கள் உண்டு. உள் கிராபிக்ஸ் உள்ளவருக்கு மதர்போர்ட் போனால் ஸ்கிரீனும் சேர்ந்து போகும்.

6. செகண்ட் ஹேண்ட் கார்டைக் கையில் எடுத்துப் பார்ப்பது

அட்வான்ஸை வங்கியில் போட்டால் கூரியரில் அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். நேரில் போங்கள், அரை மணி நேரம் கேளுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட், கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் யூனிஜைன் ஹெவன் என்ற இரண்டு மென்பொருளையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள், அங்கே டேட்டா இருக்காது.

முதலில் கண்ணால். ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறப் பற்களைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மூடுபனி உள்ள ஊரில் கிடந்த கார்டின் திருகாணி, எச்டிஎம்ஐ வாயைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கும். பற்களில் லேசான கறை என்றால் அழிறப்பரால் துடைத்து, ஐசோப்ரொபைல் அல்கஹோலால் கழுவினால் போய்விடும். குழி விழுந்திருந்தால் வேண்டாம். பிறகு விசிறிக்குப் பின்னால் உள்ள அலுமினியத் தகடுகளைப் பாருங்கள். சாதாரண தூசு சாம்பல் நிறத்தில் ஊதினால் பறக்கும். விறகு அடுப்புள்ள வீட்டில் ஓடிய கார்டில் அது கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்கும், ஊதினால் வராது. அப்படிப்பட்டதைப் பிரித்துக் கழுவி, சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் பேஸ்டை மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து போலி. பழைய ஜிடிஎஸ் 450 போன்றவற்றின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று விற்கிறார்கள். ஜிபியு-இசட் இவற்றில் பலவற்றைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டும். இன்னொரு அடையாளம் விஜிஏ போர்ட். 1050 டிஐ சிப்புக்கு அனலாக் வெளியீடே கிடையாது. நீல நிற விஜிஏ வாயோடு ஒரு 1050 டிஐயைக் கண்டால் கீழே வைத்துவிடுங்கள். உங்கள் மொனிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதென்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் அடப்டரையும் செலவில் சேர்க்க வேண்டும்.

ஜிபியு-இசட்டில் ஷேடர் (சிப்புக்குள் இருக்கும் சின்னக் கணக்கு அலகு) எண்ணிக்கையைப் பாருங்கள்: 1050 டிஐக்கு 768, ஆர்எக்ஸ் 570க்கு 2048, ஆர்எக்ஸ் 580க்கு 2304. "580 2048எஸ்பி" என்று ஒன்று இருக்கிறது, அது பெயரில் 580, உள்ளே 570. 570 விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். படம் வரும் போர்ட்டே இல்லாத பி106-100 மைனிங் கார்டை புதியவர்கள் தொடவே வேண்டாம்.

கடைசியாக ஹெவனை 20 நிமிடம் ஓட விடுங்கள். புள்ளி, கோடு, நிறம் சிதறல் ஒன்றும் வரக்கூடாது. வெப்பத்தைப் படிக்கும்போது ஊரையும் சேர்த்துப் படியுங்கள். நுவரெலியாவின் 16 டிகிரிக் குளிரில் 72 காட்டும் கார்டு, 30 டிகிரி கொழும்பில் 80ஐத் தாண்டும். கொழும்பில் 80 காட்டியது உங்கள் வீட்டில் 70க்குள் ஓடும். ஆகவே மலையில் சோதித்து 80 வந்தால் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

7. உள் கிராபிக்ஸ் பக்கம் போனால்

8600ஜிக்கு ஏஎம்5 மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் வேண்டும், பழைய ரேம் உதவாது. 5600ஜிக்கு டிடிஆர்4 போதும் என்பதால் மொத்தச் செலவு நன்றாகக் குறையும். பி450 போர்டுகளுக்கு பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். அதைக் கடையிலேயே செய்து, ஸ்கிரீன் வருவதைக் காட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் செய்யும்போது நடுவில் கரண்ட் போனால் போர்ட் செத்துவிடும். மதர்போர்டில் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரேம் இரண்டையும் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஒன் செய்யுங்கள், இல்லையென்றால் 3200 ரேம் 2400இலோ 2666இலோ சும்மா ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும். ரேமில் கிராபிக்ஸுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்கும், பயாஸில் உள்ள யூஎம்ஏ ஃபிரேம் பஃபர் என்ற இடத்தில், 16 ஜிபி ரேம் இருந்தால் 2 ஜிபி கொடுங்கள். 8 ஜிபிதான் என்றால் ஓட்டோவிலேயே விடுங்கள், எடுத்துக் கொடுத்தால் விண்டோஸுக்கு இடம் போதாது.

8. பொருத்துவது

பழைய டிரைவரை, அதை முழுதாக நீக்கும் டிடியூ என்ற மென்பொருள் கொண்டு சேஃப் மோடில் அழித்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். டிரைவர் ஃபைல் 500 எம்பியைத் தாண்டும், இரவு டேட்டாவில் இறக்கி வையுங்கள். கார்டு போட்ட பிறகு மொனிட்டர் வயரைக் கார்டில் செருகுங்கள். மதர்போர்டிலேயே விட்டுவிட்டு "கார்டு வேலை செய்யவில்லை" என்று திரும்பக் கொண்டு போகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இருப்பார்கள்.

9. பில், வாரண்டி, தவணை

போனில் விலை கேட்கும்போதே 18 சதவீத வற் வரி சேர்த்தா என்று கேளுங்கள். பில்லில் திகதி, முழு மொடல் பெயர், சீரியல் எண், வாரண்டிக் காலம், கடை முத்திரை ஐந்தும் இருக்க வேண்டும். பல பில்களில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும், அந்த 15 நாளைக் கணக்கில் வையுங்கள். எரிந்த தடம், துரு, இடி மூன்றுக்கும் வாரண்டி கிடைக்காது. பச்சை பூத்தாலும் துருதான் என்பார்கள். திருகாணி மேல் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்துப் பேஸ்ட் மாற்றாதீர்கள். வாரண்டியை மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம், கையில் பில் இருக்க வேண்டும்.

தனி ஆளிடம் வாங்கினால் சீரியல் எண்ணை ஒரு தாளில் எழுதி, விற்பவரின் அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் வாங்குங்கள். தர மறுத்தால் அந்தக் கார்டு யாருடையதோ. தவணைக்கு என்றால் கடைக்குக் கடை கேட்பது மாறும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பிணை நிற்பவர் ஒருவர், வதிவிடச் சான்று பொதுவாகக் கேட்பவை. லயத்தில் இருப்பவருக்கு உங்கள் பெயரில் கரண்ட் பில் வராவிட்டால் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்று எடுக்க வேண்டும். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு, கொழும்புப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே போங்கள். பெட்டியையும் உள்ளே வரும் சிலிக்கா பையையும் எறிய வேண்டாம். கார்டைக் கழற்றி வைக்கும் மழை மாதங்களில் அவை இரண்டும் வேண்டும்.